எனக்கு மட்டும் கேட்காத ஊளை

என் காது போய்விட்டதை முதலில் காட்டிக்கொடுத்தது டைப்ரைட்டர்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். நுரையீரலில் காசநோய் வந்து ஒரு சானடோரியத்தில் ஒன்பது மாதம் படுத்திருந்துவிட்டு அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். டைப்ரைட்டரில் வரியின் கடைசியை நெருங்கும்போது ஒரு சின்ன மணி அடிக்கும். அது அடித்ததும் இடது கை தானாகப் போய் உருளையைத் தள்ளிவிடும். திரும்பி வந்த அந்த வாரம் நான் அடித்த கடிதங்களில் எல்லாம் வரிகள் ஓரத்தில் போய் முட்டி நின்றன. கடைசி எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுப்பாகக் கிடந்தன. மணி பழுதாகிவிட்டது என்று சொல்லி மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் ஒரு வரி அடித்துப் பார்த்தார், இன்னொரு வரி அடித்தார், பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேஜைப் பெண்ணும் பார்த்தாள். மணி இரண்டு தடவையும் அடித்திருக்கிறது.

சானடோரியத்தில் எனக்குத் தினமும் போட்ட ஊசி ஸ்ட்ரெப்டோமைசின். அப்போது அது புதிய மருந்து என்றே சொல்ல வேண்டும். எனக்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் அதே நோய் கண்டவர்கள் பிழைத்து வந்தது குறைவு. சிலருக்கு அந்த மருந்து காது நரம்பைத் தின்றுவிடும் என்று காது டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். உயிரைக் கொடுத்த மருந்தின்மேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

முழுச் செவிடு இல்லை. பஸ் போவது கேட்கும், கதவு சாத்துவது கேட்கும். பேச்சு சத்தமாகக் கேட்கும், சொல்லாகக் கேட்காது. மெல்லிய கூரான ஒலிகள் எல்லாம் போய்விட்டன. காசு, காது, காடு மூன்றும் எனக்கு ஒன்றுதான். முகத்தைப் பார்த்து, வாயைப் பார்த்து, எதைப் பற்றிப் பேச்சு என்று ஊகித்து ஒப்பேற்ற வேண்டும். டிக்டேஷன் எடுக்க முடியாது என்று ஆனது. அதிகாரி நல்லவர், வேலையை விட்டு எடுக்கவில்லை. பிறர் எழுதியதைப் பார்த்து நகல் அடிக்கும் மேஜைக்கு மாற்றினார். சுருக்கெழுத்துப் பரீட்சையில் நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எடுத்தவள் நான். அந்த நோட்டுப் புத்தகங்கள் டிராயருக்குள் போயின.

மாட்டுங்காவில் அண்ணாவின் வீட்டில் இருந்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, மாடி. அண்ணாவுக்குத் துறைமுக ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலீஷ் பேப்பரில் புதுக் கண்டுபிடிப்புகள் பற்றி ஒரு பத்தி வரும். எனக்கு நோய் வருவதற்கு முன் அதை அண்ணா காபியோடு உரக்கப் படிப்பார். நானும் மன்னியும் கேட்போம். அணுவைப் பற்றி, ராக்கெட்டைப் பற்றி, ஒரு ஓவியத்துக்கு அடியில் எக்ஸ்ரே போட்டு இன்னொரு ஓவியத்தைக் கண்டதைப் பற்றி. அண்ணா எதையும் நம்பாமல் கேலி பண்ணிக்கொண்டே படிப்பார். என் காது போனபிறகு உரக்கப் படிப்பதை விட்டுவிட்டார். பத்தியைக் கத்தரித்து நான்காக மடித்து என் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். பல வாரங்களில் அண்ணாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

நான் ஒரு தந்திரம் கற்றுக்கொண்டேன். சாப்பிடும்போது எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். ஒரு கணம் தாமதித்து, அண்ணாவின் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

டிரான்சிஸ்டர் போட்ட காதுக் கருவி வந்திருக்கிறது என்பதும் அப்படி ஒரு கத்தரித்த காகிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் செங்கல் கனத்துக்கு பாட்டரி கட்டிக்கொண்டு அலைய வேண்டும், இப்போது ரவிக்கைக்குள் செருகிவிடலாம் என்று எழுதியிருந்தது. அண்ணா அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஃபோர்ட்டில் ஒரு ஏஜெண்டு மூலமாக வெளிநாட்டிலிருந்து அதை வரவழைத்தோம். கல்யாணத்துக்கென்று அம்மா விட்டுப்போன வளையல் அதற்குப் போனது. எனக்கு இனி கல்யாணம் என்று யாரும் பேசாததால் அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கருவி சிகரெட் பெட்டியில் பாதி இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்தோரமாக ஏறிக் காதுக்குள் போகும். முதல் நாள் நான் கேட்டது என் புடவையைத்தான். துணி பெட்டிமேல் உரசிய சத்தம் பெரிய மழை மாதிரி இருந்தது. பிறகு குழாய், கரண்டி, காக்காய் எல்லாம் ஒரே உரப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அண்ணாவின் குரல் நான் நினைவில் வைத்திருந்ததைவிடக் கரகரத்திருந்தது. அண்ணாவின் பெண் நான் சானடோரியத்தில் இருக்கும்போது பிறந்தவள், அப்போது மூன்று வயது. அவள் பேசி நான் கேட்டதே இல்லை. வாய் அசையும், அவ்வளவுதான். அன்றைக்கு என் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, காதுல என்ன?" என்று கேட்டாள். எனக்கு "அத்தை"யில் "அ" மட்டும் தெளிவாக வந்தது. மற்றது ஊகம். அது போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணா என்னைக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். மாட்டுங்கா சபாவில் அண்ணா மெம்பர். நான் நாலு வருஷமாகப் போகவில்லை. நடு வரிசையில் உட்கார்ந்தோம். பாடகி ஆலாபனை தொடங்கினார். எனக்குக் கேட்டது இருமலும் நாற்காலி நகர்வதும் இடையே எங்கிருந்தோ ஒரு குரலும். இருந்தாலும் தம்புராவின் தாழ்ந்த தந்தி கேட்டது. அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முன்னால் சாய்ந்து, கையைக் காதருகே குவித்துக்கொண்டேன்.

பாடகி நிறுத்தினார். மைக் செட்காரர் ஓடிவந்து மைக்கைத் திருப்பினார், தட்டிப் பார்த்தார். பாடகி மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். மைக் செட்காரர் மேடைக்குப் பின்னால் ஓடினார். பாவம், ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று நான் நினைத்தேன். அப்புறம் முன் வரிசையில் ஒருவர் திரும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். வரிசை வரிசையாக முகங்கள் என் பக்கம் திரும்பின. அண்ணா என் மணிக்கட்டைத் தொட்டு, என் மார்பைக் காட்டி, தலையை அசைத்தார். எனக்குப் புரிய நேரமாயிற்று. ஊளையிட்டுக்கொண்டிருந்தது என் கருவி. அந்த அரங்கத்தில் அது கேட்காத ஒரே ஆள் நான்.

வெளியே படிக்கட்டில் அண்ணா என் முகத்துக்கு நேரே நின்று மெதுவாகச் சொன்னார். "ஒண்ணுமில்லை. எல்லாரும் மைக்குன்னுதான் நெனச்சிண்டிருப்பா."

உள்ளே போய்க் கேட்கும்படி எவ்வளவோ சொன்னேன். போகவில்லை. இருவரும் வீட்டுக்கு நடந்தோம். அண்ணாவுக்கு அந்தப் பாடகி என்றால் உயிர். அன்றைக்குக் கருவியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தவள் பல மாதங்கள் எடுக்கவில்லை.

மறுபடி எடுத்தது ஆபீஸ் வேலைக்காக. ஒரு வாரத்திலேயே ஒயர் அறுந்துபோனது. ஏஜெண்டு, புது ஒயர் கப்பலில் வர வேண்டும் என்றார். சயானிலிருந்து தாராவிக்குத் திரும்பும் முனையில் ஒரு தகரக் கடையில் தமிழில் "ரேடியோ ரிப்பேர்" என்று எழுதியிருப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து அங்கே போனேன். கடைக்காரர் மேலப்பாளையத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், வெள்ளைத் தொப்பி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. எழுதிக் காட்டும்படி சைகை காட்டினேன். அவர் கூச்சத்தோடு சிரித்து, எழுத்து வராது என்று கையை விரித்தார். பிறகு பேசாமல் ஒயரைப் பற்றவைத்தார்.

பற்றவைத்து முடித்ததும் அதைத் தன் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி ரோட்டைக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பெட்டியைத் திறந்து உள்ளே மிளகு மிளகாக இருந்த மூன்று டிரான்சிஸ்டர்களை எனக்குக் காட்டினார். அவர் தொழில் கற்றது பழைய வால்வு ரேடியோ செட்டில். டிரான்சிஸ்டர் இப்போதுதான் கைக்கு வருகிறது, உடைத்து உடைத்துத் தானே படித்துக்கொள்வதாக அப்புறம் ஒரு நாள் சொன்னார்.

நான் அதைக் காதில் மாட்டியதும் அவர் முகம் மாறியது. என் முகத்துக்கு நேராகக் குனிந்து, வாயை நன்றாகத் திறந்து பேசினார்.

"இது ஊளையிடுதே அம்மா. உங்களுக்குக் கேக்கலியா?"

எப்போது என்று கேட்டேன்.

"இப்பந்தான். இந்தா, இப்பவும் இடுது."

எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி ஒரு காரியம் செய்தார். ஆள்காட்டி விரலை உயர்த்திப் பிடித்தார். ஊளையிடும்போது விரல் மேலே, நின்றால் கீழே. நான் தலையைத் திருப்பினேன், விரல் ஏறியது. கையைக் காதிலிருந்து எடுத்தேன், இறங்கியது. பெட்டியை இடுப்புப் பக்கமாகத் தள்ளிச் செருகினேன், இறங்கியே இருந்தது. கால் மணி நேரம் அப்படி நின்றோம். ரோட்டில் போனவர்கள் எங்களை என்னவென்று நினைத்தார்களோ. எப்படி உட்கார்ந்தால், எப்படித் திரும்பினால் அது கத்தும் என்று அந்த விரலைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

காதுக்குள் போகும் அடைப்பு சரியாகப் பொருந்தாமல் சத்தம் வெளியே கசிந்து திரும்பப் பெட்டிக்குள் போவதுதான் காரணம் என்றார். சயானில் பல் செட் செய்யும் ஒருவரிடம் அனுப்பினார். அவர் என் காதுக்குள் மெழுகு வைத்து அச்செடுத்து, பொய்ப்பல்லின் ஈறு செய்யும் அதே இளஞ்சிவப்புப் பொருளில் ஒரு அடைப்பு செய்துகொடுத்தார். காதுக்குள் ஒரு துண்டு ஈறு இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஊளை நின்றது.

ஊளை நின்றபிறகு கருவியை இன்னும் கொஞ்சம் உரக்க வைக்க முடிந்தது. அப்படித்தான் ஒரு மாலை, அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் மன்னி பக்கத்து வீட்டு மாமியிடம் பேசியது எனக்குக் கேட்டது. மன்னியின் குரல் கனமானது, எனக்கு எளிதில் வரும். துண்டு துண்டாகத்தான் வந்தது, ஆனால் இந்த முறை ஊகிக்க அதிகம் இல்லை.

"அவ சிரிக்கறபோது பாத்துண்டிருக்க முடியலை மாமி. நாம என்ன பேசறோம்னே அவளுக்குத் தெரியாது. சும்மா சிரிக்கறா. அதனாலதான் இவர் அவ இருக்கறச்சே தமாஷா எதுவும் பேசறதில்லை."

மன்னியின் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தேன். அன்றிலிருந்து நான் சிரிக்கவில்லை. அவர்களும் என்ன என்று கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் இன்னும் அமைதியாக ஆனது.

ரேடியோக் கடைக்காரரிடம் நான் மாதம் ஒரு தடவையாவது போனேன். பாட்டரி வாங்குவது காரணம். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார், திரும்பிக்கொண்டு பேசமாட்டார், புரியாவிட்டால் வேறு வார்த்தையில் சொல்வார். அவ்வளவுதான். அந்த அவ்வளவு அந்தப் பெரிய ஊரில் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. வீட்டு ரேடியோவிலிருந்து நேராக என் காதுக்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டால் அறைச் சத்தம் எதுவும் நடுவில் வராது என்று அவர்தான் சொன்னார். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்து செய்துகொடுத்தார். ரேடியோவும் வழக்கம்போலப் பாடும், எனக்கும் தனியாக வரும். மன்னி எங்களுக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அவருக்குக் கண்ணாடி டம்ளரிலும் காபி கொடுத்தாள். அவர் அதைப் பார்த்தார், குடித்தார், நன்றாக இருக்கிறது என்று சொன்னார். என்னால் தலைநிமிர முடியவில்லை.

அந்த ஒயரில் எனக்குப் பாதிப் பாட்டுதான் கிடைத்தது. மிருதங்கத்தின் இடது பக்கம், தம்புராவின் தாழ்ந்த தந்தி, ஆண் குரலின் அடிப்பகுதி. வயலின் மேலே போனால் காணாமல் போய்விடும், கீழே இறங்கும்போது திரும்ப வரும். போன இடத்தை மனதால் நிரப்பிக்கொள்வேன். ஞாயிறு மத்தியானங்களில் எல்லோரும் தூங்கும்போது ரேடியோவின் ஒலியைத் தணித்துவிட்டு நான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நிலவில் மனிதர்கள் இறங்கினார்கள். அறுபத்தொன்பது ஜூலை, திங்கட்கிழமை காலை, நல்ல மழை. எங்கள் ரேடியோவில் ஷார்ட்வேவ் நன்றாக எடுக்கும் என்று எங்கள் மாடியில் குடியிருந்தவர்கள் எல்லாம் ஆபீசுக்குக் கிளம்பும் முன் எங்கள் அறையில் கூடிவிட்டார்கள். ஒரே இரைச்சல். கடல் மாதிரி ஏறி இறங்கியது. நடுவே இங்கிலீஷில் யாரோ பேசினார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கிற சத்தமே இரைச்சலை இன்னும் மூடியது.

நான் மூலையில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களைத் தொந்தரவு செய்த கூரான இரைச்சல் எனக்குக் கேட்காத ஒலி. எனக்கு வந்தது நடுவிலிருந்த மங்கிய குரல் மட்டும். அதிலும் பாதி வார்த்தைகள் இல்லை. ஆனால் பாதி வார்த்தையை வைத்துக்கொண்டு மீதியை எடுப்பதைத் தவிர நான் ஐந்தாறு வருஷமாக வேறு என்ன செய்தேன்? எப்போது எடுத்தேன் என்று தெரியாது, கையில் பென்சில் இருந்தது. அண்ணாவின் பேப்பர் ஓரத்தில் சுருக்கெழுத்துப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணாதான் முதலில் பார்த்தார். மற்றவர்களை அடக்கிவிட்டு என் முன்னால் வந்து குந்தினார்.

"நீ சொல்லு," என்றார். "உனக்குக் கேக்கறதைச் சொல்லு."

சொன்னேன். ஏணியில் இறங்குகிறான். கால் தரையில் பட்டுவிட்டது. தரை பொடிப்பொடியாக இருக்கிறது என்கிறான். கால் அதிகம் புதையவில்லை. இப்போது ஒன்றும் வரவில்லை, இருங்கள். இப்போது வருகிறது. என் குரல் எவ்வளவு உரக்க இருந்தது என்று எனக்குத் தெரியாது. அறையில் ஒரு வாயும் அசையவில்லை. எல்லா முகமும் என் பக்கம் இருந்தது. சபாவில் திரும்பிய அதே மாதிரித்தான், ஆனால் இந்த முறை நான் அதற்குக் கூசவில்லை.

அரை மணி நேரம் இருக்கும். பிறகு அவரவர் குடையை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டு மாமா வாசலில் நின்று என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். பாராட்டாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. தலையாட்டிவிட்டு நானும் ஆபீசுக்குப் போனேன். அங்கே நகல் எடுக்க வேண்டிய காகிதங்கள் மேஜைமேல் இருந்தன.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தார். சனிக்கிழமை மத்தியானம் வேகவேகமாக அந்த முனைக்குப் போனேன். தகரக் கடையில் போர்டு அப்படியே இருந்தது. உள்ளே வேறொருவர் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ரேடியோக்காரர் எங்கே என்றேன். அவர் தலை நிமிராமல் பதில் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது நிமிர்ந்து, "குவைத்துக்குப் போயிட்டாரு" என்றார். போன வாரம் கப்பல் ஏறிவிட்டாராம்.

அவர் பெயர் என்ன என்று கேட்டேன். இரண்டு வருஷமாகப் போய்வந்தும் எனக்கு அது தெரியாது. கேட்க வேண்டிய சந்தர்ப்பமும் வரவில்லை, முறையும் இல்லை. கடிகாரக்காரர் பெயரைச் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன், சொன்னார். "ஆ" என்று ஒரு நீட்டல் மட்டும் வந்தது. இன்னொரு தடவை கேட்க வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டி, புரிந்துவிட்டது போல் நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். மழை வலுத்திருந்தது. நனைந்தால் கெட்டுவிடும் என்று கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாட்டுங்கா வரை நடந்தேன். வழி நெடுக அந்த "ஆ"வுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மன்னிக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருந்தது. வீட்டில் இடம் போதாது. நானே போகிறேன் என்றேன். அண்ணா வேண்டாம் என்று காகிதத்தில் எழுதினார், அதிகம் வற்புறுத்தவில்லை. செம்பூரில் ஒரு சிந்திக்கார விதவையின் வீட்டில் பின்பக்கத்து அறை கிடைத்தது. பெட்டியும் படுக்கையும் வந்து இறங்கிய அன்று அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று வேகமாக ஹிந்தியில் எதையோ சொல்லத் தொடங்கினாள். நான் வழக்கம்போல் தலையாட்ட ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

எனக்குக் காது சரியாகக் கேட்காது என்று சொன்னேன். முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லுங்கள், புரியாவிட்டால் மறுபடி கேட்பேன். என் வாயால் அதை ஒரு அந்நியரிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

 அவள் கதவை விட்டு உள்ளே வந்து, வெளிச்சம் தன் முகத்தில் படும்படி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஸுபஹ் பாஞ்ச் பஜே," என்றாள்.

"ஸாத்?" என்று கேட்டேன், ஏழா என்று.

இல்லை என்று தலையசைத்து, கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.